அக்காவுக்கு 14, எனக்கு 45: வைட்டமின் டி கம்மியா இருந்ததாலதான் மார்பகப் புற்றுநோய் வந்துச்சா?

தூங்காத_தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சுட்டு மட்டும் போறவ நான், இன்னைக்குத்தான் எழுதறேன், நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

எங்க அக்காவுக்கு 54 வயசு. போன வருஷம் இடது மார்புல கட்டின்னு தெரிஞ்சு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்போ ரெண்டு மாசமா லெட்ரோசோல் மாத்திரை போட்டுட்டு இருக்கா, ஹார்மோன் பாசிட்டிவ் வகை, அதாவது உடம்புல இருக்கற ஹார்மோன்ல வளர்ற கட்டி. போன வாரம் டாக்டர் வைட்டமின் டி பாத்துட்டு வரச் சொன்னார். 14 வந்துச்சு. பக்கத்துலயே ரொம்பக் கம்மின்னு சிவப்பு எழுத்துல போட்டிருந்தாங்க. அந்தப் பேப்பரப் பாத்ததுலேர்ந்து ஒரே புலம்பல். இருபது வருஷமா காலைல எட்டு மணிக்கு ஆபீசுக்குள்ள போனா இருட்டினப்புறம்தான் வெளிய வருவேன், வெயில்னா என்னன்னே தெரியாம இருந்துட்டேன், நானேதான் இத இழுத்து விட்டுக்கிட்டேன்னு ராத்திரி உக்காந்து அழறா. கீமோ அப்போகூட இப்படி அழல.

இது போதாதுன்னு சொந்தக்காரப் பையன் ஒருத்தன் குடும்ப க்ரூப்ல ஒரு மெசேஜ ஃபார்வர்ட் பண்ணான், வைட்டமின் டி 60க்கு மேல இருந்தா மார்பகப் புற்றுநோய் வர்றது 82% கொறையும்னு. நான் சும்மா இருக்காம நானும் போய் ஒரு டெஸ்ட் குடுத்தேன், வேற லேப்ல. எனக்கு 45. எனக்கு 47 வயசு, ஒரே அப்பா அம்மா, ஒரே வீட்ல வளந்தோம், அவளுக்கு 14 எனக்கு 45, அவளுக்கு வந்துச்சு எனக்கு வரல. அப்போ அதுதானே காரணம்? இத அவகிட்ட எப்படி மறைக்கறதுன்னு தெரியல, ரிப்போர்ட்ட பேக்குக்குள்ளயே வெச்சிருக்கேன்.

கேக்க வந்தது மூணு. வைட்டமின் டி கம்மியானா கேன்சர் வருமா? இப்போ ஏத்துனா திரும்ப வராம தடுக்குமா? நானும் 60க்கு ஏத்திக்கணுமா?

---

லேப்_கோட்டு எழுதியது:

சகோதரி, உங்க மூணு கேள்விக்கும் பதில் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாது. நான் லேப்ல மாதிரி ஓட்டறவன். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த 14க்கும் 45க்கும் பக்கத்துல என்ன யூனிட் போட்டிருக்கு? போய் பாத்துட்டு வந்து எழுதுங்க. சில லேப் நானோகிராம்ல குடுக்கும், சில லேப் நானோமோல்ல குடுக்கும். ரெண்டும் ஒண்ணு இல்ல.

இன்னொண்ணு, அக்காவோட ரத்தம் எடுத்தது ட்ரீட்மெண்ட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?

---

தூங்காத_தங்கச்சி எழுதியது:

அண்ணா இப்போதான் பாத்தேன். அக்காவோடதுல மில்லிக்கு நானோகிராம்னு இருக்கு. என்னோடதுல லிட்டருக்கு நானோமோல்னு இருக்கு. இது வேறயா??

அக்காவுக்கு முன்னாடி டெஸ்ட்டே எடுத்ததில்ல. எல்லாம் முடிஞ்சு போன வாரம் எடுத்தது மட்டும்தான்.

---

லேப்_கோட்டு எழுதியது:

வேறதான். நானோமோல்ல இருக்கறத 2.5 ஆல வகுத்தா நானோகிராம் வந்துடும். 45 வகுத்தல் 2.5, பதினெட்டு.

உங்களுக்கு 18, அக்காவுக்கு 14. அதாவது நீங்களும் கம்மிதான். அதே ரத்தத்த ரெண்டு லேபுக்கு அனுப்புனா மெஷினும் முறையும் மாறினாலே மூணு நாலு வித்தியாசம் காட்டும், தினம் பாக்கறேன். அதனால 14, 18ங்கறத பக்கத்துப் பக்கத்து வீடுன்னு வெச்சுக்கோங்க.

அதோட அக்காவுக்கு அளந்தது கீமோ எல்லாம் முடிஞ்ச பிறகு. அந்த மாசங்கள்ல வெளிய போறது நின்னுடும், சாப்பாடு இறங்காது, தலைக்கும் கைக்கும் துணி சுத்திட்டுத்தான் நடப்பாங்க. கீமோ ஓடும்போது வைட்டமின் டி இறங்கறத ஆய்வுகள்லயே பாத்திருக்காங்க. கட்டி வர்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு அந்தப் பேப்பர் சொல்லவே இல்ல.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

லேப் அண்ணன் பாதி வேலைய முடிச்சுட்டார். மீதிய நான் சொல்றேன், மருத்துவ ஆய்வுகளோட புள்ளிவிவரம் பாக்கறதுதான் எனக்கு வேலை, டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுக்கோங்க.

இந்த யோசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1980ல செட்ரிக் கார்லண்ட், ஃப்ராங்க் கார்லண்ட்னு ரெண்டு சகோதரர்கள் அமெரிக்க மேப்ப வெச்சுக்கிட்டு வெயில் கம்மியா விழற பக்கம் பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு அதிகமா இருக்கேன்னு கவனிச்சாங்க. 1990ல மார்பகப் புற்றுநோய்க்கும் அதே மாதிரி எழுதுனாங்க, வெயில் குறைஞ்ச வடகிழக்குல சாவு அதிகம், தென்மேற்குல கம்மின்னு. அருமையான சந்தேகம், ஆனா ஊருக்கு ஊர் வெயில் மட்டுமா மாறுது? முதல் குழந்தை எந்த வயசுல பெத்துக்கறாங்க, எத்தன பெத்துக்கறாங்க, உடம்பு எடை, குடிப்பழக்கம், மேமோகிராம் (மார்ப எக்ஸ்ரே எடுத்துப் பாக்கறது) எடுக்கற வசதி எல்லாமே மாறும், இதுல பாதி மார்பகப் புற்றுநோயோட நேரடியா சம்பந்தப்பட்டது.

அப்புறம் லேப்ல பாத்தாங்க. நம்ம தோல்ல வெயில்ல இருக்கற யூவி-பி கதிர் பட்டதும் உருவாகற வைட்டமின் டி, கல்லீரல்ல ஒரு தடவ மாறும், சிறுநீரகத்துல இன்னொரு தடவ மாறி கால்சிட்ரியால்னு ஒரு ஹார்மோன் ஆகும், அந்த ரெண்டாவது மாற்றத்த மார்புத் திசுவே தானா செஞ்சுக்கும், அந்த ஹார்மோன பிடிச்சு வெச்சுக்கற ஏற்பியும் மார்புச் செல்கள்ல இருக்கு. தட்டுல வளத்த புற்றுநோய்ச் செல் மேல கால்சிட்ரியால ஊத்துனா செல் பெருகறது மெதுவாகுது, சிலது செத்தும் போகுது. அதனால இந்த ஆராய்ச்சியில இறங்குனவங்க யாரும் முட்டாள் இல்ல, காரணத்தோடதான் இறங்குனாங்க. ஆனா தட்டுல ஊத்தற அளவு நம்ம ரத்தத்துல ஓடற அளவ விட எவ்வளவோ அதிகம்.

சரி, மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தா? ரெண்டு பெரிய ட்ரையல சொல்றேன். ஒண்ணு விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ், மாதவிடாய் நின்ன 36,282 பெண்கள், குலுக்கல் மாதிரி ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதிக்கு தினம் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் (ரத்த ரிப்போர்ட் யூனிட் இல்ல, மாத்திரையோட டோஸ் கணக்கு, IU) வைட்டமின் டியும், இன்னொரு பாதிக்கு டம்மி மாத்திரை, சராசரியா ஏழு வருஷம். மார்பகப் புற்றுநோய் மாத்திரைப் பக்கம் 528 பேருக்கு, டம்மிப் பக்கம் 546 பேருக்கு. 400 யூனிட்லாம் ஒரு டோஸான்னு எல்லாரும் கேட்டாங்க, நியாயமான கேள்வி. அப்புறம் வைட்டல்னு ஒரு ட்ரையல், முடிவு 2018ல வந்துச்சு, ஆணும் பெண்ணுமா 25,871 பேர், தினம் 2000 யூனிட், அஞ்சு வருஷத்துக்கு மேல. அதுல மார்பகப் புற்றுநோய் இந்தப் பக்கம் 124, டம்மிப் பக்கம் 122. டோஸ அஞ்சு மடங்கு ஏத்தியும் தராசு அசையல.

விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்ல இன்னொரு வேலை பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல வைட்டமின் டி பாத்தாங்க. எடை கம்மியா இருந்தவங்களுக்கும் நடை, விளையாட்டுன்னு உடம்ப அசைச்சவங்களுக்கும் அளவு அதிகமா இருந்துச்சு. அந்த எடையையும் உடற்பயிற்சியையும் கணக்குல சேத்த உடனே வைட்டமின் டிக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் நடுவுல இருந்த சம்பந்தம் காணாமப் போச்சு. வைட்டமின் டி கொழுப்புல போய் தங்கற சாமான், எடை கூடினா ரத்தத்துல இறங்கும். மாதவிடாய் நின்னப்புறம் எடை கூடறது தனியாவே மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு காரணம். அப்போ ரிப்போர்ட்ல இருக்கற சின்ன நம்பர் குத்தவாளியா, இல்ல குத்தம் நடந்த இடத்துல நின்னுட்டு இருந்த ஆளா?

பரம்பரை வழியாவும் பாத்துட்டாங்க. சிலருக்குப் பிறவியிலயே வைட்டமின் டி கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரி மரபணு அமைஞ்சிருக்கும், ஆயுசு முழுக்க கம்மி. கம்மிதான் காரணம்னா அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வரணும். 2017ல வந்த பெரிய ஆய்வுல அப்படி எதுவும் தெரியல.

இப்போ உங்க 82%. அது கட்டுக்கதை இல்ல, 2018ல நிஜமாவே வந்த கட்டுரை, 55 வயசுக்கு மேல உள்ள 5,038 பெண்கள். ஆனா வேற ரெண்டு ட்ரையல்ல இருந்தவங்களையும், தாங்களா முன்வந்து வைட்டமின் டி அளந்துட்டு இருந்த ஒரு குழுவையும் ஒண்ணாக் கலந்து, அதுல 60 நானோகிராமுக்கு மேல இருந்தவங்கள 20க்குக் கீழ இருந்தவங்களோட ஒப்பிட்டாங்க. குலுக்கல்ல பிரிச்ச ஒப்பீடு இல்ல இது. 60 தொடணும்னா பெரும்பாலும் விடாம மாத்திரை போடணும், அப்பப்போ டெஸ்ட் எடுக்கணும், அப்படிப்பட்டவங்க உடம்ப வேற எத்தன விதத்துல பாத்துக்குவாங்கன்னு நீங்களே யோசிங்க. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இல்லையான்னு பிரிச்சுப் பாக்கத்தான் ட்ரையலே வெக்கறாங்க, ட்ரையல் பதில் சொல்லிடுச்சு.

திரும்ப வருமாங்கற கேள்வி கொஞ்சம் கஷ்டம். 2009ல டொராண்டோவுல 512 பெண்கள வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, கட்டி கண்டுபிடிச்சப்போ வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருந்தவங்களுக்கு வேற உறுப்புக்குப் பரவறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 2017ல 1,666 பேர வெச்சு வந்ததுலயும் அளவு அதிகமா இருந்தவங்க அதிக நாள் இருந்தாங்க. ஆனா இதுவும் பாத்துக் குறிச்ச ஆய்வுதான், குடுத்துப் பாத்தது இல்ல, அதே எடைப் பிரச்சனை இங்கயும் உண்டு. ஒரு நல்ல சேதி என்னன்னா, 2019ல பல ட்ரையல்கள ஒண்ணு சேத்துப் பாத்தப்போ எல்லா வகைப் புற்றுநோயும் சேத்து, வர்றது குறையல, ஆனா அதனால சாகறது 13% கொறஞ்சிருந்துச்சு, அதுவும் தினம் சின்ன டோஸா எடுத்த ட்ரையல்கள்ல. இது மார்பகத்துக்கு மட்டும் வந்த கணக்கு இல்ல, அதனால அக்காவுக்கு இது பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன்.

---

சூரியபுத்திரன் எழுதியது:

இவ்ளோ படிச்சு என்ன பிரயோஜனம், டாக்டருங்களுக்கு வைட்டமின் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் மூணு வருஷமா தினம் 10,000 யூனிட் போடறேன், ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்ல. அக்காவுக்கு உடனே ஹை டோஸ் ஆரம்பிங்க சிஸ்டர், வைட்டமின்தானே, எக்ஸ்ட்ரா இருந்தா யூரின்ல போயிடும்.

---

கொய்யாக்கிளி எழுதியது:

சூரியபுத்திரன் சார், யூரின்ல போறது சி, பி. டி கொழுப்புல கரையறது, உள்ளயே தங்கும்.

எங்க பெரியம்மாவுக்கு வாரத்துக்கு ஒண்ணுன்னு 60,000 யூனிட் கேப்சூல் எழுதிக் குடுத்தாங்க. அவங்க மத்த மாத்திரையோட டப்பாவுல போட்டு தினம் ஒண்ணா முழுங்கிட்டு இருந்திருக்காங்க, யாருமே கவனிக்கல, காலியானதும் வேற கடையில வாங்கி வாங்கி ரெண்டரை மாசம் ஓடியிருக்கு. முதல்ல தாகம்னு செம்பு செம்பா தண்ணி குடிச்சாங்க, ராத்திரி அஞ்சு தடவ எழுந்தாங்க, நாங்க சுகர்னு நெனச்சோம். அப்புறம் மலச்சிக்கல், வாந்தி, ஒருநாள் என் பேரையே மறந்து யாரும்மா நீன்னு கேட்டாங்க. ரத்தத்துல கால்சியம் ஏறிப்போயிருந்துச்சு. ஒரு வாரம் ட்ரிப்ஸ்ல படுத்திருந்தாங்க, கிட்னி முழுசா தேறி வர மாசக்கணக்குல ஆச்சு.

பெரியவங்களுக்கு டாக்டர் பாக்காம தினம் 4000 யூனிட்டுக்கு மேல வேண்டாம்னுதான் பொதுவா சொல்றாங்க, 70 வயசு வரைக்கும் சாதாரணத் தேவை 600தான். கம்மியா இருக்கறவங்களுக்கு டாக்டர் கொஞ்ச நாளைக்கு பெரிய டோஸ் எழுதுவாங்க, அது வேற. அட்டைல வாரம்னு இருக்கா தினம்னு இருக்கான்னு நீங்களே பேனாவால பெருசா எழுதி ஒட்டிடுங்க தங்கச்சி, நாங்க இப்போ அப்படித்தான் பண்றோம்.

---

ஆறாவது_வருஷம் எழுதியது:

தங்கச்சிம்மா, நான் உங்க அக்கா பக்கத்து ஆளு. ஆறு வருஷம் ஆச்சு எனக்கு, அஞ்சு வருஷம் லெட்ரோசோல் போட்டு முடிச்சேன். கணக்குப்பிள்ளை தம்பி எழுதுனதெல்லாம் சரிதான், ஆனா அத மட்டும் படிச்சுட்டு அப்போ வைட்டமின் டி வேண்டாம்னு விட்டுடாதீங்க, டாக்டர் அத பாக்கச் சொன்னது கேன்சருக்காக இல்ல, எலும்புக்காக.

லெட்ரோசோல் உடம்புல மிச்சம் இருக்கற ஈஸ்ட்ரோஜன வழிச்சு எடுத்துடும், அதுதான் அதோட வேலை, அந்த வகைக் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன்தான் சாப்பாடு. ஆனா எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் காவல். அது போனதும் எலும்பு கரைய ஆரம்பிக்கும். வைட்டமின் டி இல்லன்னா சாப்பிடற கால்சியம் குடல்லேர்ந்து சரியா ஏறாது, அப்போ ரெண்டு பக்கமும் அடி. எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேன் எடுத்தாச்சான்னு கேளுங்க. படுத்துட்டு இருந்தா போதும், பத்துப் பதினஞ்சு நிமிஷம், ஊசி கீசி எதுவும் கிடையாது.

எனக்கு எலும்பு பலத்துக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி சொல்லியிருந்தாங்க. போய் நாற்காலில உக்காந்து கைய நீட்டி நரம்பு தேடற அளவுக்கு வந்தாச்சு, அப்போ நர்ஸ் பேப்பரப் பாத்துட்டு அம்மா இன்னைக்கு போட முடியாது எழுந்துக்கோங்கன்னுட்டாங்க. எனக்கு வைட்டமின் டி 9. கம்மியா இருக்கறப்போ அந்த ஊசி போட்டா ரத்தத்துல கால்சியம் சடார்னு இறங்கி விரல் இழுத்துக்கும், இதயத் துடிப்புகூட தடுமாறும். ஆறு வாரம் மாத்திரை போட்டு ஏத்திட்டு வான்னு அனுப்பிட்டாங்க. அன்னைக்கு செம கோவம் எனக்கு, இப்போ அந்தப் பொண்ண நெனச்சா கும்பிடத் தோணுது. அந்த ஊசிக்கு முன்னாடி பல்லு டாக்டரையும் பாத்துடுங்க, பல்லு புடுங்கற வேலை இருந்தா முன்னாலயே முடிச்சுக்கணும், அப்புறம் புடுங்குனா தாடை எலும்பு ஆறாம நிக்க வாய்ப்பு இருக்கு.

இன்னொண்ணு, மூட்டு வலி. அக்காவுக்கு இனிமேதான் தெரியும். எனக்கு மூணாவது மாசம் காலைல எழுந்தா விரல் மடங்காது, சட்டைப் பட்டன் போட என் பொண்ணு வரணும். வைட்டமின் டி ஏத்துனா வலி போயிடும்னாங்க, எனக்கு 9லேர்ந்து 34 ஆச்சு, வலி அப்படியே இருந்துச்சு. சில சின்ன ஆய்வுகள்ல கொறஞ்சுதுன்னும் சிலதுல கொறயலன்னும் வந்திருக்கு. எனக்கு உதவுனது நடைதான், தினம் அரை மணி நேரம், முதல் வாரம் பல்லக் கடிச்சுட்டு நடந்தேன். வலி தாங்காம மாத்திரைய நிறுத்தறவங்க நிறைய பேர், அக்கா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லாம நிறுத்த வேண்டாம், வேற மாத்திரைக்கு மாத்தி விடுவாங்க.

அழுகையப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா. எனக்கு வெயில்ல நின்னு நின்னு தோல் கறுத்த உடம்பு, ஓட்டப் பந்தயம் சொல்லிக் குடுத்த டீச்சர் நான், எங்க வீட்ல யாருக்கும் இந்த நோய் இல்ல. எனக்கும் வந்துச்சு. நானும் காரணம் தேடுனேன், முதல் ரெண்டு மாசம் டியோடரண்ட், அப்புறம் மைக்ரோவேவ், அப்புறம் என் மாமியார். இத அப்படியே அக்காகிட்ட படிச்சுக் காட்டுங்க.

---

லேப்_கோட்டு எழுதியது:

மாத்திரை ஆரம்பிச்சா அடுத்த வாரமே வந்து டெஸ்ட் எடுக்காதீங்க. அளவு நிலைக்கு வர மூணு மாசம் ஆகும். அடுத்த தடவ அதே லேப், அதே யூனிட். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாடி வெயில்ல உக்காந்தா கணக்குல சேராது, யூவி-பிய கண்ணாடி நிறுத்திடும். ஆறாவது_வருஷம் அக்கா, அந்த நர்ஸுக்கு நானும் ஒரு கும்பிடு.

---

தூங்காத_தங்கச்சி எழுதியது:

மூணு நாள் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

ரிப்போர்ட்ட பேக்லேர்ந்து எடுத்து அக்காகிட்டயே குடுத்துட்டேன். 45ங்கறத பாத்ததும் மூஞ்சி சுருங்கிடுச்சு. இந்த யூனிட்ட படின்னேன், லேப் அண்ணன் சொன்னத சொன்னேன், நம்பல, அவளே ஃபோன எடுத்து 45ஐ 2.5 ஆல வகுத்தா. 18 வந்துச்சு. திரும்ப ஒரு தடவ வகுத்தா. அப்புறம் நிமிந்து, ஏண்டி நீ தினம் ஸ்கூட்டர்ல வெயில்ல சுத்தறவ, உனக்கே 18தானான்னு கேட்டா. ஆமாம்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. ஆறாவது_வருஷம் அக்கா எழுதுனத முழுசா படிச்சுக் காட்டினேன், மாமியார் இடம் வந்ததும் சிரிச்சுட்டா, மாமா உள்ள இருக்கார் மெதுவா படின்னா.

நேத்து டாக்டர்கிட்ட போனோம். அக்காவுக்கு வாரம் ஒண்ணு எட்டு வாரத்துக்கு, அப்புறம் தினம் சின்ன டோஸ். டெக்ஸா வியாழக்கிழமை. அட்டைல சிவப்புப் பேனாவால ஞாயிறு ஞாயிறுன்னு எட்டு இடத்துல எழுதி ஒட்டியாச்சு கொய்யாக்கிளி. 60க்கு ஏத்தணுமான்னு கேட்டேன், வேண்டாம், 30 பக்கம் வந்து நின்னா எலும்புக்குப் போதும்னார். 82% மெசேஜ காட்டினேன், அவர் படிக்கக்கூட இல்ல, என்னைப் பாத்து, கூடப் பொறந்தவளுக்கு வந்திருக்கே, நீங்க கடைசியா மேமோகிராம் எப்போ எடுத்தீங்கன்னார். எடுத்ததே இல்ல டாக்டர்னேன். அக்கா திரும்பிப் பாத்த பார்வை இருக்கே.

திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு எனக்கு அப்பாயின்ட்மென்ட். அவளும் கூட வர்றாளாம், நான் பாதியில ஓடிடுவேனாம்.